ஆஜர் செருப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினேன். இதே பஸ்ஸில், அதாவது இதற்கு முன்னால் ஓடித் தேய்ந்த நாலைந்து பஸ்களில், இருபத்தெட்டு வருடம் வழிகாட்டியாக வேலை பார்த்தவள் நான். பயணியாக உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. ஊருக்கெல்லாம் ஊரைக் காட்டியவளுக்கு ஒரு நாளாவது யாராவது காட்டட்டுமே என்று தோன்றியது.

ஏறும்போதே இப்போதைய வழிகாட்டிப் பெண் என் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டினாள். அதில் கட்டம் கட்டமாக ஏதோ அச்சடித்திருந்தது. போனை அதன்மேல் காட்டினாள், டிங் என்றது. இறங்கினால் ஒரு டிங், ஏறினால் ஒரு டிங். யார் வந்துவிட்டார்கள், யார் வரவில்லை என்று போனே சொல்லிவிடுமாம். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி கட்டுகிறாயே என்றேன். சிரித்தாள். நான் யார் என்பதை டிரைவர் சொன்னதும் திரும்பி வந்து, "ஆன்ட்டி, ஒங்க காலத்துல எப்டி, தலையத்தான் எண்ணுவீங்களா?" என்று கேட்டாள்.

"செருப்ப எண்ணுவோம்மா" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் பட்டை ஒட்டப் போய்விட்டாள். அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது கடலூரில் இந்தச் சுற்றுலா நிறுவனம் ஒரு சின்ன அலுவலகம்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பஸ். என் அப்பா முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, பி.ஏ. வரலாறு முடித்து, இரண்டு வருடம் வேலைக்கு அலைந்தபிறகு கிடைத்தது இந்த வேலை. பயிற்சி என்று மூன்று மாதம். தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரன் கோட்டை இருந்த இடம், சிதம்பரம் கோபுரத்தில் நூற்றெட்டு கரணச் சிற்பங்கள், தில்லை என்று அந்த ஊருக்குப் பெயர் வரக் காரணமான மரத்தைப் பார்க்கப் பிச்சாவரம் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது, வீராணம் ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது என்பது, இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். மைக்கில் பேசப் பழகினேன். அவ்வளவுதான் பயிற்சி.

உண்மையான வேலையைக் கற்றது கோதண்டம் சாரிடம். அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். எல்லாப் பயணத்திலும் கூடவே வருவார். குறிஞ்சிப்பாடிக்காரர். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பெரிய தோல் செருப்பு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "அப்படியா" என்பார். அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்குப் பதில் நாலு திட்டு வாங்கிவிடலாம்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதையும் இரண்டு தடவை கேட்பார். எல்லோரும் ஏறியாகிவிட்டதா என்பதற்கு, படியில் நின்றுகொண்டு "சரியா?" என்பார். நான் சரி சார் என்பேன். பேசாமல் போய் தன் இடத்தில் உட்காருவார். டிரைவர் காசிம் பாய் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் திரும்பிப் பார்த்து, "சரிதானே?" என்பார். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது வாய். இரண்டாவது கேள்விக்குள் ஆள் ஒரு தடவை யோசித்திருப்பான். அதற்காகத்தான் இரண்டு என்று பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார்.

செருப்பை எண்ணுவதும் அவர் கண்டுபிடிப்புதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று ஆட்களை எண்ணிக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "ஏண்டி, ஆட்ட மாட்ட எண்றாப்புல எண்ற? கண்ணு பட்டா யாரு சுத்திப் போடுறது?" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். எண்ணுவதை விட்டுவிட்டு நின்றேன். கோதண்டம் சார் என்னைக் கூப்பிட்டு, "மூஞ்சியப் பாக்காத. காலப் பாரு" என்றார்.

முறை இதுதான். காலையில் எந்த இடத்தில் உட்கார்ந்தார்களோ, நாள் முழுக்க அவரவருக்கு அதே இடம். பிச்சாவரத்தில் சேறு, கோயிலில் செருப்பு போட முடியாது. இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றி அவரவர் இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு இறங்க வேண்டும். திரும்பி வந்து எல்லோரும் உட்கார்ந்ததும், நான் பின்வரிசையிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே முன்னால் வருவேன். பக்கத்தில் கால் இல்லாத ஜோடி எங்கேயாவது கிடந்தால், அந்த ஆள் வரவில்லை என்று அர்த்தம். வரும்வரை வண்டி நகராது. யாரையும் விரல் நீட்டி எண்ண வேண்டாம், யாருக்கும் கண் படாது. நாளடைவில் எனக்கு முகங்கள் மறந்து கால்கள்தான் ஞாபகத்தில் நின்றன. கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் கீழேதான் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே இன்றைக்கும் கேலி செய்வார்.

வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு என்ன செய்வது? மாலை போட்டிருப்பவர்கள் வருவார்கள், பழக்கமே இல்லாத கிராமத்து ஆட்கள் வருவார்கள். அதற்கும் சார் வழி வைத்திருந்தார். ஒரு துணிப்பையில் மூன்று ஜோடி நீல ரப்பர் செருப்பு. யாருக்கு செருப்பு இல்லையோ, அவர் இடத்துக்குக் கீழே அதில் ஒரு ஜோடியை வைத்துவிட வேண்டும். போட்டுக்கொள்ள வேண்டாம், சும்மா கிடந்தால் போதும். அவருக்காக ஆஜர் சொல்லும். அதனால் காசிம் பாய் அதற்கு ஆஜர் செருப்பு என்று பெயர் வைத்தார்.

இந்த முறை நான் பார்த்தவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் தவறியது. தவறியது முறை இல்லை, நான்.

நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். வைகாசி மாதம். கைப்பேசி எல்லாம் வராத காலம். காலை ஆறரை மணிக்கு, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாள். பெயர் செல்வி. டூட்டிக்குப் போகிற அவசரம், சீருடையிலேயே இருந்தாள். அப்பா பெரியசாமி, திட்டக்குடிப் பக்கம் விவசாயி. மகள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது, நாலு சுவருக்குள் இருக்க முடியாமல் தவிக்கிறார், ஒரு நாள் சுற்றிப் பார்க்கட்டும் என்று டிக்கெட் வாங்கியிருந்தாள். ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் காது மந்தம். கூப்ட்டா திரும்ப மாட்டாரு, தொட்டுக் கூப்டணும். ஒங்களத்தான் நம்பி அனுப்புறேன். ராத்திரி எட்டு மணிக்கு இங்கயே நிப்பேன்" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இதை ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிறவள் நான். சொன்னதன் கனம் அப்போது தெரியவில்லை.

பெரியசாமிக்கு ஏழாவது வரிசை ஜன்னலோரம். தோளில் பச்சைத் துண்டு, வெறுங்கால். பாதம் இரண்டும் வெடித்து அகலமாக, விரல்கள் விரிந்து இருந்தன. துணிப்பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னாத்துக்கு இது? நான் செருப்பு போடுறதில்ல" என்றார்.

போட வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்றேன். காதில் விழவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ, பெருசுக்கு ஓசியில் செருப்பு என்று சொல்லிச் சிரித்தார்கள். அது மட்டும் எப்படியோ அவர் காதில் விழுந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. காலாலேயே அந்த ஜோடியை நடைபாதைக்குத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் சங்கடமாகிவிட்டது. எடுத்துப் பையில் போட்டுவிட்டேன். ஏழாவது வரிசை ஜன்னல், ஒரே ஒரு ஆள், இதை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதா என்று நினைத்தேன். பி.ஏ. வரலாறு படித்த திமிர்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் எல்லோரும் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, வெள்ளாறு எங்க வந்து கடல்ல சேருது?" என்று கேட்டார். அது நம் லிஸ்டில் இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு, படம் எடுக்கச் சொன்ன ஒரு குடும்பத்தின் பக்கம் போய்விட்டேன்.

பிச்சாவரத்தில் ஐந்து படகில் போனோம். சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் வேரை ஊன்றி நிற்க, நடுவில் வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர். கையில் பிடித்த சின்ன மைக்கில் நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன். பெரியசாமி வேறு படகில் இருந்தார். திரும்பி வந்தபோது ஒரே கலவரம். ஒரு பையன் வெயிலில் வாந்தி எடுத்தான். ஒரு அம்மா சேற்றில் வழுக்கிப் புடவையெல்லாம் சகதி. பையனுக்கு முகம் கழுவி, அந்த அம்மாவுக்குக் குடத்தில் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கடைசியாக நான் ஏறினேன். பின்னாலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லா ஜோடிக்கும் பக்கத்தில் கால் இருந்தது. ஏழாவது வரிசையில் பெரியசாமிக்குப் பக்கத்து இடத்துக்காரர், காற்றுக்காக ஜன்னலோரம் நகர்ந்து, தன் செருப்பையும் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கேயும் கால் இருந்தது, செருப்பு இருந்தது.

"சரியா?" என்றார் சார். சரி சார் என்றேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. "சரிதானே?" என்றார். அந்த அம்மாவின் சேறு என் கையெல்லாம் ஒட்டியிருந்தது, அதைத் துடைத்துக்கொண்டே சரிதான் சார் என்றேன்.

மதியச் சாப்பாடு சிதம்பரத்தில் ஒரு மெஸ். முதலிலேயே சொல்லி வைத்திருப்போம், முப்பத்தைந்து இலை போட்டு வைத்திருப்பார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு வந்தது. மூன்றாவது வரிசைக் கடைசியில் ஒரு இலை அப்படியே இருந்தது. தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்து, ஆள் மட்டும் இல்லாமல்.

சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஸ்டெல்லா, அந்த எலைக்கு யாரு?" என்றார்.

ஏழாவது வரிசை ஜன்னல். பக்கத்து இடத்துக்காரரிடம் ஓடிக் கேட்டேன். வேறு எங்கேயாவது மாறி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னார். சாரிடம் திரும்பி வந்து சொன்னேன். "அவருக்கு ஜோடி வெச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "அப்படியா" என்றார்.

அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. காசிம் பாயைக் கூப்பிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு பிச்சாவரம் போகச் சொன்னார். மெஸ்காரரிடம் பரிமாறுவதை மெதுவாக்கச் சொன்னார். சாப்பிட்டு முடித்தவர்களுக்கு மாடியில் பாய் விரிக்கச் சொன்னார், ஏரிக்கரையில் இப்போது வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் போகலாம் என்று பயணிகளிடம் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அந்த இலையை எடுத்துவிடவா என்று பரிமாறுகிறவர் கேட்டதற்கு, வேண்டாம், மூடி வையுங்கள் என்றார்.

முப்பத்தைந்து பேர் போகிற பஸ்ஸில் நானும் காசிம் பாயும் மட்டும் போனோம். நான் அழுதேன். அந்தக் காட்டு வாய்க்கால்களில் எங்கே ஆழம், எங்கே சேறு என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் திரும்பமாட்டார் என்று வேறு அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வேலை போய்விடும் என்ற பயம்கூட முதல் ஐந்து நிமிடத்தோடு சரி. எட்டு மணிக்கு அவள் சீருடையோடு வந்து நிற்பாளே, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் மனசில் ஓடியது. காசிம் பாய் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜாஸ்தி யோசிக்காதம்மா. ஆள் கெடைக்கிற வரைக்கும் ஆள் இருக்காருன்னுதான் அர்த்தம்" என்றார்.

பிச்சாவரத்தில் எல்லாப் படகும் கட்டியிருந்தது. டிக்கெட் கொடுக்கிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. துறையில் இறங்கித் தண்ணீரைப் பார்த்தேன். அது பாட்டுக்குப் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அந்த ஒரு பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த படகோட்டி ஒருவரிடம் பச்சைத் துண்டு, வெறுங்கால் என்று அடையாளம் சொன்னேன்.

"அவரா? என் போட்லதான் வந்தாரு. எறங்கி வெள்ளாறு எந்தப் பக்கம்னு கேட்டாரு. வடக்க கைய காட்டுனேன். நடந்து போனாரு" என்றார்.

தண்ணீரில் இல்லை, தரையில்தான் இருக்கிறார் என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காசிம் பாய்தான் எழுப்பி வண்டிக்குக் கூட்டிப்போனார். காலையில் கடற்கரையில் கேட்ட கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிள்ளை டீக்கடையில் விசாரித்தோம். ஒரு ஷேர் ஆட்டோ அவரை ஏற்றிக்கொண்டு ஆற்றின் முகத்துவாரப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்.

மீனவர் குப்பத்தைத் தாண்டி ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல் பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளாறு, அகலமாக, கடலோடு கலந்துகொண்டிருந்தது. செருப்பு மணலில் புதையப் புதைய ஓடினேன். ஐயா என்று கத்தினேன். திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன்.

திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா? ஒக்காரு" என்றார்.

அவரை அடிக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது. அழுதேன். அவர் திகைத்துப்போனார். வண்டி கிளம்பிப் போய்விட்டது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் ஊர் பஸ்ஸில் ஏறினவன் ஒருவன் இறங்கி எங்கேயாவது போனால், வந்து ஏறும்வரை பஸ் நிற்குமாம். அந்த நம்பிக்கையில் போயிருக்கிறார்.

"நீதான் லிஸ்ட்ல இல்லன்னு சொல்லிட்ட. அதான் நானே வந்தன்" என்றார்.

உள்ளங்கையைத் திறந்து காட்டினார். ஈர மண், கறுப்பாக, வழுவழுவென்று. வெள்ளாற்றங்கரையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர். மழைக்காலத்தில் ஆறு பொங்கும்போதெல்லாம் கரை இடிந்து வயல் மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. அவர் அப்பா காலத்தில் இரண்டு ஏக்கருக்கு மேல் இருந்த நிலம் அது. கோடையில் பார்த்தால் ஆற்றில் வெறும் மணல். "இத்தினி வருசமா அள்ளிக்கிட்டு வர்ற மண்ண எங்கதான் கொண்டாந்து போடுதுன்னு பாக்கணும்ல? இதுல எங்க மண்ணு எதுன்னுதான் தெரியல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலை படகில் நான் மைக்கில் ஒப்பித்த பாடத்திலேயே இருந்தது அதற்குப் பதில். ஆறுகள் கொண்டு வந்து சேர்க்கிற வண்டலில்தான் இந்தக் காடு வேர் பிடித்து நிற்கிறது என்று தினமும் சொல்கிறேன். மைக் சத்தம் அவர் காதுக்கு எட்டாது. எட்டியவர்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் காதருகே குனிந்து சொன்னேன். "ஐயா, காலையில போட்ல போனமே, அந்தக் காடு நிக்கிறதே இந்த மாதிரி ஆத்து மண்ணுலதான். ஒங்க மண்ணும் அதுல இருக்கும்."

கொஞ்ச நேரம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப அந்தக் காட்டுல எனக்கும் பங்கு இருக்கு. எங்கிட்டயே டிக்கெட்டுக்குக் காசு வாங்கிட்டீங்களே" என்றார். காசிம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

மெஸ்ஸுக்குத் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். மாடியில் முப்பத்துநாலு பேரும் நல்ல தூக்கம். அந்த இலை மூடியபடியே இருந்தது. சார் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவரும் சாப்பிடவில்லை. பெரியசாமியை உட்கார வைத்து, பக்கத்தில் இன்னொரு இலை போட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

வண்டி ஏறும்போது பெரியசாமியிடம் மறுபடி ரப்பர் செருப்பை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சார் பார்த்தார். தன் தோல் செருப்பைக் கழற்றி ஏழாவது வரிசை ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய் முன்னால் உட்கார்ந்தார். வீராணம் ஏரிக்கரையில் அந்த வெயிலில் எல்லோரோடும் இறங்கி நடந்தார், ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு. பெரியசாமி அதைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு என் முழங்கையைத் தட்டி, "பெரியவரு காலு பொத்துப் போவுது. அந்த ரப்பரையே கொண்டாந்து வை" என்றார். அதற்கப்புறம் சிதம்பரம் திரும்பிக் கோயிலில் இறங்கினோம், ஏறினோம். எல்லா ஜோடிக்கும் பக்கத்தில் கால் இருந்தது. நீல ரப்பர் ஜோடிக்குப் பக்கத்தில் வெடித்த பாதம் இரண்டும் இருந்தன. நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

இரவு எட்டு மணிக்குக் கடலூரில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அப்பா இறங்கியதும் எல்லாம் பார்த்தாரா என்று கேட்டாள். பெரியசாமி குஷியாக இருந்தார். "வெள்ளாறு வரைக்கும் கூட்டிப் போயி காட்டுனாங்க. அதுக்குன்னே தனியா வண்டி எடுத்தாங்க" என்றார்.

அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. செல்வி என்னைப் பார்த்து ரொம்ப தேங்க்ஸ் என்றாள். நான் தலையாட்டினால் போதும், அந்த நாள் அப்படியே முடிந்திருக்கும். சார் அலுவலகப் படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா?" என்றார். எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று கேட்கிற வழக்கமான கேள்விதான். சரி சார் என்றேன். அவர் உள்ளே போகத் திரும்பினார். படியில் நின்று, திரும்பாமலே, "சரிதானே?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பை வைக்காமல் விட்டது, கேட்டபோது சரி என்று சொன்னது, ஆள் இல்லாமல் வண்டி கிளம்பியது. அவள் அப்பாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டாள். ரெண்டு மணி நேரம் என்றேன். திட்டட்டும், புகார் எழுதிக் கொடுக்கட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். ஆனால் நெஞ்சு லேசாகியிருந்தது. மத்தியானம் அவரைக் கண்டபோதுகூட அவ்வளவு லேசாகவில்லை.

"எங்க வார்டுலயும் தப்பு நடக்குங்க. வந்து சொல்றவங்கதான் கம்மி" என்றாள். அப்பாவின் காதருகே குனிந்து, "அடுத்த தடவ அவுங்க வெக்கிறத வெக்க விடுங்கப்பா" என்றாள். அவர் சரி சரி என்றார்.

புகார் வரும் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். வந்தது ஒரு மஞ்சள் பை நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பெரியசாமி ஊருக்குப் போய், வறுத்து, மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். காசிம் பாயும் நானும் நாலு நாள் தின்றோம். மாதக் கடைசியில் வேலையும் நிரந்தரமானது. சார் அந்த நாளைப் பற்றி அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. ஆனால் அடுத்த மாதம் அச்சடித்து வந்த புதுப் பயண நிரலில், பிச்சாவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு வரி புதிதாக இருந்தது: வெள்ளாறு முகத்துவாரம், இருபது நிமிடம்.

போன மாதம் போனபோதும் அந்த வரி இருந்தது. கிள்ளையைத் தாண்டி வண்டி நின்றது. பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மணல், கவிழ்த்த படகுகள், கடலோடு கலக்கிற ஆறு. ஒரு பயணி, இங்கே எதற்கு நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். வழிகாட்டிப் பெண், "தெரியல சார், மொதல்லேர்ந்தே லிஸ்ட்ல இருக்கு" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாய் திறக்கவில்லை.

எல்லோரும் பட்டையைக் காட்டி, டிங் டிங் என்று இறங்கினார்கள். நான் செருப்பைக் கழற்றி என் இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு படிக்கு வந்தேன். அந்தப் பெண் போனை என் கையில் காட்டிவிட்டுக் கீழே பார்த்தாள்.

"ஆன்ட்டி, மணல் சுடும். செருப்ப விட்டுட்டீங்களே."

"அது அங்கயே இருக்கட்டும்மா" என்றேன். "நான் வரலன்னா சொல்லும்."